பதிவேட்டில் பெயர் இருந்தால் போதுமா? உள்ளடக்கிய கல்வி: ஓர் எளிய அறிமுகம்

நீலகிரியில் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய், "மாற்றுத்திறன் பிள்ளைகள் படிக்கிறார்களா?" என்று கேளுங்கள். "ரெண்டு பேர் இருக்காங்க சார், சேர்த்திருக்கோம்" என்று பதிவேட்டை எடுத்துக் காட்டுவார்கள். பொய்யில்லை. பெயர் இருக்கும், எமிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவில் மாணவர் எண் இருக்கும், சீருடையும் மதிய உணவும் கிடைத்துக்கொண்டிருக்கும். சரி, அந்தப் பிள்ளை நேற்றுக் கணக்குப் பாடத்தில் என்ன செய்தது என்று அடுத்துக் கேட்டால், "ஒரு தொந்தரவும் கிடையாது, பேசாம உக்காந்திருப்பான்" என்ற பதில்தான் பல இடங்களில் வரும்.

உள்ளடக்கிய கல்வி என்று அரசாணைகளில் அடிக்கடி வருகிறதே, அந்த விஷயம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பது வேறு, பாடத்துக்குள் இருப்பது வேறு.

உடல், புலன், அறிவுத்திறன் ஆகியவற்றில் வேறுபாடு உள்ள பிள்ளைகளைப் படிக்கவைக்க உலகம் முழுக்க மூன்று வழிகள் இருந்திருக்கின்றன. முதலாவது, அவர்களுக்கென்று தனிப் பள்ளி. இரண்டாவது, பொதுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, "முடிந்த அளவு எங்களோடு ஓடி வா" என்பது. இந்தியாவில் 1974-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் இந்த வகைதான்; பிள்ளைக்குக் கருவி, உதவித்தொகை எல்லாம் கொடுத்தார்கள், பாடம் நடத்தும் முறையில் கை வைக்கவில்லை. மூன்றாவது வழியான உள்ளடக்கிய கல்வியில்தான் கேள்வியே திரும்புகிறது. "இந்தப் பிள்ளையால் ஏன் முடியவில்லை?" என்று கேட்காமல், "இந்த வகுப்பில் எது இவளைத் தடுக்கிறது?" என்று கேட்பது. 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகள் கூடி வெளியிட்ட அறிக்கைதான் இந்தப் பார்வையை உலக அளவில் முன்னே கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007-ல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையும், 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் தொடர்ச்சிதான்.

வரலாறு இவ்வளவு போதும். வகுப்புக்குள் போவோம்.

தடை எங்கே இருக்கிறது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு மூன்றாம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை. பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல். இரண்டாவது பெஞ்சில் காதொலிக் கருவி போட்ட ஒரு சிறுமி. அரசு முகாமில் கொடுத்த கருவி, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அவளுக்குப் பாடம் போய்விடும். காதொலிக் கருவி டீச்சரின் குரலை மட்டும் பெரிதாக்காது, தகரத்தில் விழும் மழையையும் சேர்த்தே பெரிதாக்கும். மற்ற பிள்ளைகளின் காது இரைச்சலை ஒதுக்கிவிட்டுக் குரலைப் பிடித்துக்கொள்ளும். அவளுக்கு அது முடியாது. குளிருக்குக் கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டால் கருவி கீச்சென்று கத்தும். கருவியிலிருந்து வெளியே கசியும் ஒலி துணியில் பட்டுத் திரும்பி அதன் மைக்குக்குள்ளேயே போவதால் வரும் சத்தம் அது. பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள். "குடுத்தும் போட மாட்டேங்கறா" என்ற புகார் அப்படித்தான் பிறக்கிறது.

டீச்சர் எங்கே நிற்கிறார் என்பதையும் பாருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால், பின்னால் வெளுத்த மூடுபனி, முன்னால் இருண்ட முகம். வாய் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினாலும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டாம். டீச்சர் எதிர்ச்சுவருக்கு மாறி, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நிற்கலாம். அவளை முன்வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி உட்கார வைக்கலாம். குல்லாவுக்குப் பதில் காதை விட்டுத் தலையைச் சுற்றும் மஃப்ளரை வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். மழை வலுக்கும்போது வாய்ப்பாடம் நிறுத்தி, எழுதும் வேலையோ படம் வரையும் வேலையோ கொடுக்கலாம். உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தத்தில் மற்ற பிள்ளைகளுக்கும் பாதிதான் கேட்டுக்கொண்டிருக்கும். ராத்திரியில் கருவியைச் சிலிக்கா ஜெல் பையோடு ஒரு மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். மலையின் ஈரக்காற்று கருவியைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

அவளுடைய செவித்திறன் மாறவில்லை. அவளுக்கும் பாடத்துக்கும் நடுவே இருந்த நான்கைந்து தடைகள் நகர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். இந்த ஒரு உதாரணம் மனதில் நின்றால் உள்ளடக்கிய கல்வியின் முக்கால்வாசி பிடிபட்டுவிடும்.

இதே கண்ணோடு படிக்கட்டைப் பாருங்கள். மலையில் சமதளத்தில் பள்ளி கிடைப்பது அரிது. கட்டட விதிகளின்படி சாய்தளம் 1-க்கு 12 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும்: ஒரு அடி உயர, பன்னிரண்டு அடி நீளம். அரையடி உயரத்தில் பத்துப் படி என்றால் ஏற வேண்டியது ஐந்தடி, சாய்தளம் 60 அடி. நடுவில் நின்று மூச்சுவிட ஒரு மேடையும் வேண்டும். அதற்கு இடம் இல்லாத பள்ளிகளில் என்ன நடக்கிறது? பத்தடியில் செங்குத்தாக ஒரு சரிவைக் கட்டி, வெள்ளையடித்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாசி பிடித்த அந்தச் சரிவில் சக்கர நாற்காலி ஏறாது, நல்ல காலோடு இருப்பவரே வழுக்கி விழுவார். சாய்தளம் கட்ட முடியாத இடத்தில் வேறொரு வழி உண்டு: பிள்ளையை மேலே தூக்கிப் போகாமல், அந்த வகுப்பையே கீழ்க் கட்டடத்துக்கு மாற்றுவது. "நாலாம் வகுப்பு எப்பவும் மேலதான் சார் நடக்கும்" என்பார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதவில்லை.

பிள்ளையைத் தூக்கிச் சுமந்து போவதைப் பெரிய மனது என்று பாராட்டுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்து வயதுக்கு மேல் யாருக்கும், அதுவும் பெண் பிள்ளைகளுக்கு, இன்னொருவர் தோளில் தொங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகப் பிடிக்காது. கழிப்பறைக்கும் அப்படித்தான் போகவேண்டும் என்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாதவை

மாற்றுத்திறன் என்றதும் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும்தான் நினைவுக்கு வரும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது. 2016 சட்டத்தில் அது 21 ஆனது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பேச்சுக் குறைபாடு, தசைச் சிதைவு எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. அந்த 21-ல் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆசிரியர்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று இருக்கிறது: அரிவாள் செல் இரத்தசோகை. சிக்கில் செல் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்த நோய்க்கூறு இந்தியாவில் இருப்பது 1952-ல் முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இரத்தச் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, சிறிய இரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அப்போது கை, கால், முதுகு என்று தாங்க முடியாத வலி வரும். பெற்றோரிடமிருந்து மரபாக வருவது, யாருக்கும் தொற்றாது. குளிர், உடலில் தண்ணீர் குறைவது, காய்ச்சல், அளவுக்கு மீறிய ஓட்டம், இவையெல்லாம் வலியைக் கிளப்பும்.

இப்போது பள்ளியின் வழக்கங்களைப் பாருங்கள். காலைப் பனியில் திறந்தவெளியில் பிரார்த்தனை. ஈரக் காலோடு வரிசை. "பாடம் நடக்கும்போது வெளிய போகக்கூடாது." விளையாட்டு நேரத்தில் ஓட மறுத்தால், "சோம்பேறி." அடிக்கடி விடுப்பு எடுத்தால், "இவங்களுக்குப் படிப்புல அக்கறை இல்ல." கடைசிச் சொல்லில் நோய் மட்டுமில்லை, ஒரு சமூகத்தின் மீதே இருக்கும் அலட்சியமும் தெரிகிறது.

இந்தப் பிள்ளைக்கு வேண்டியது தனி வகுப்போ சிறப்புப் பாடநூலோ இல்லை. தண்ணீர் பாட்டில் மேசை மேல் இருக்கட்டும், கேட்காமலே குடிக்கட்டும். கழிப்பறைக்கு அடிக்கடி போக அனுமதி வேண்டும். இந்த நோயில் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்கத் திணறும் என்பதால் அது பிள்ளையின் கையில் இல்லை. பிரார்த்தனைக்கு உள்ளே நிற்கட்டும். காய்ச்சல் வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். வலியில் போன நாட்களின் பாடத்தை யார், எப்போது திரும்பச் சொல்லிக்கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கவேண்டும். கூடலூர்ப் பிள்ளை ஊட்டியில் விடுதியில் தங்கிப் படித்தால், மார்கழி உறைபனியில் விடிகாலைக் குளிர்ந்த தண்ணீர்க் குளியல் கூடாது என்பது விடுதிக் காப்பாளருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நம் மலையில் வரும் தனிச் சிக்கல் மழை விடுமுறை. விடிகாலையில் கலெக்டர் அறிவிப்பு வரும். மற்ற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தினமும் ஒரே வரிசையில் நாள் நடந்தால்தான் நிம்மதி என்றிருக்கும் பிள்ளைக்கோ அது தலைகீழ். சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுவதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறோம். அன்றாட நிகழ்ச்சிகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டும்போது, குடை போட்ட ஓர் அட்டையையும் சேர்த்து வையுங்கள். "இன்றைக்கு இந்த அட்டை" என்று கையில் கொடுத்துப் பழக்குங்கள். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று.

கற்றல் குறைபாட்டை இங்கே கண்டுபிடிப்பது இன்னும் சிக்கல். கேள்வி கேட்டால் வாயால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை, எழுதச் சொன்னால் 'படம்' என்பதைப் 'பமட்' என்று எழுதுவான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும். ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக இருக்கும். இவன் முட்டாளும் இல்லை, சோம்பேறியும் இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இடத்தில் மூளை வேறு விதமாக வேலை செய்கிறது. ஆனால் படுகு மொழியோ பணியர் மொழியோ காட்டுநாயக்கர் மொழியோ பேசும் வீட்டிலிருந்து வந்து, ஒன்றாம் வகுப்பில்தான் தமிழையே கேட்கத் தொடங்கும் பிள்ளையும் முதலில் திணறத்தான் செய்யும். அது குறைபாடு அல்ல, புதிய மொழி. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: பிள்ளையின் வீட்டு மொழி தெரிந்த ஒருவரை வைத்து, அதே கேள்வியை அந்த மொழியில் கேளுங்கள். கதையை ஒழுங்காகச் சொல்கிறதா? ஓசை ஒத்த சொற்களைக் கண்டுபிடிக்கிறதா? அங்கே சரியாக இருந்தால் அவசரப்பட்டு முத்திரை குத்தவேண்டாம். வீட்டு மொழியிலும் திணறினால், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரைக் கூப்பிடுங்கள்.

ஒரே பாடம், பல வாசல்

"எல்லாம் சரி, முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நான் எப்படித் தனித்தனியாக நடத்துவது?" என்பதுதான் ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். தனித்தனிப் பாடம் நடத்தவேண்டாம்; ஒரே பாடத்துக்குப் பல வாசல் வைத்தால் போதும்.

நான்காம் வகுப்பில் பெருக்கல். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்தும் சிறு விவசாயி வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குத் தேயிலைக் கொழுந்து எடை போடுவது தெரியாமல் இருக்காது. கணக்கு இதுதான்: கிலோ 20 ரூபாய் என்றால் 35 கிலோ பச்சைத் தேயிலைக்கு எவ்வளவு? பெரும்பாலான பிள்ளைகள் நோட்டில் பெருக்குவார்கள். எழுத்தில் திணறும் பிள்ளைக்குக் கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டட்டும். கணக்கை அவனே போடுவான், நாம் சோதிப்பது அவன் கணக்கைத்தான், வாசிப்பை அல்ல. பார்வை மங்கலான பிள்ளைக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுங்கள். மூடுபனி நாளில் விளக்கைப் போடுங்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளை ஒரு தராசை வைத்துக்கொண்டு, எந்தப் பை கனம், முள் ஐந்தில் நிற்கிறதா, ஐந்து கிலோவுக்கு எத்தனை இருபது ரூபாய்த் தாள் என்று எண்ணி வைக்கட்டும். 35-ஐ 20-ஆல் பெருக்க இந்த ஆண்டு அவளால் முடியாமல் போகலாம். ஆனால் அவள் செய்வதும் கொழுந்துக் கணக்குதான். மூலையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டவில்லை.

அந்த வண்ணம் தீட்டும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பாடமானாலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்போதும் கிரேயான் டப்பாவே நீட்டப்படுகிறது என்றால், அந்த வகுப்பில் அவள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மலைப் பள்ளிகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை ஒரே கூடத்தில் வைத்து நடத்துகிறவர்களுக்கு, ஒரே நேரத்தில் பல மட்டத்தில் வேலை கொடுப்பது புதிதல்ல. பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக முன்னேறும் செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகளும் ஏணிப்படியும், பிறகு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைப்படி பிரித்த அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகளும் இதே யோசனைதான்: பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு. நகரத்துப் பெரிய பள்ளியில் எல்லோரும் ஒரே பக்கத்தைத் திறக்கும் வகுப்பைவிட, இந்தக் கூடங்களில் உள்ளடக்கிய கல்வி சுலபமாக வேர்பிடிக்கும் என்பது என் எண்ணம்.

"மற்ற பிள்ளைகள் படிப்பு கெடாதா?" என்ற கேள்வி பெற்றோர் கூட்டத்தில் வந்தே தீரும். முகத்தைப் பார்த்துப் பேசுவது, பெரிதாக எழுதுவது, பொருளை வைத்துக் காட்டிவிட்டுக் கணக்குக்குப் போவது, கேள்வியை இரண்டு தரம் வாசிப்பது: இவற்றில் எது மற்ற பிள்ளைகளைக் கெடுக்கும்? கூடுதல் நேரம் கொடுப்பது அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடி போட்ட பிள்ளையிடம், "மத்தவங்க போடலையே, கழட்டிட்டுப் பரீட்சை எழுது" என்று யாரும் சொல்வதில்லை.

இதற்காகச் சிறப்புப் பள்ளிகளை மூடிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத பள்ளியில், முழுக்கக் காது கேளாத பிள்ளை பேச ஆளின்றி ஐந்து ஆண்டு உட்கார்ந்திருப்பதைவிட, சைகை மொழியில் அரட்டையடிக்கும் நண்பர்கள் உள்ள பள்ளி எவ்வளவோ மேல். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு, பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் விருப்பம். பள்ளியின் விருப்பம் அல்ல. "எங்ககிட்ட வசதி இல்ல, வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்ல அரசுப் பள்ளிக்கோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கோ இடமில்லை. தீவிரக் குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டிலேயே கல்வி தரும் வழி 2012-ல் கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்ந்தது. அதுவும் உரிமையாகத் தரப்பட்டதுதான். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப் பள்ளிக்குக் கொடுத்த சாக்கு அல்ல.

யாரிடம் கேட்பது?

வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பதால் மலைப்பாதையில் பஸ் மாறி உங்கள் பள்ளிக்கு அவர் வருவது எப்போதாவதுதான். தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற கணக்கை உச்ச நீதிமன்றம் 2021-ல் ஏற்றது. அந்த நிலை வரும்வரை வகுப்பாசிரியர்தான் முதல் ஆள். சிறப்பாசிரியர் வரும் நாளில் பிள்ளையைத் தனியே அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைக் கவனியுங்கள். மீதி நாள் எல்லாம் அதை நீங்கள்தானே செய்யவேண்டும்?

பெற்றோர் கேட்டு வாங்கவேண்டியவை சில உண்டு. ஆண்டுதோறும் வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்; பந்தலூரிலிருந்து ஊட்டி போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும், முகாமில் அது மிச்சம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, உதவிக் கருவி, போக்குவரத்துப் படி, கூட வருபவருக்கான படி ஆகியவற்றைப் பற்றித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறன் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு.

அப்புறம், பத்தாம் வகுப்பு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் பொதுத் தேர்வில் உண்டு. குறைபாட்டின் வகையைப் பொறுத்து எது கிடைக்கும் என்பது மாறும். மருத்துவச் சான்று, விண்ணப்பம், தேர்வுத் துறை ஆணை என்று எல்லாம் வரிசையாக நடக்கவேண்டியிருப்பதால் பள்ளி திறந்த ஜூனிலேயே கேட்டுவிடுங்கள். ஆணை கைக்கு வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். காலாண்டுத் தேர்விலேயே ஒரு ஆசிரியரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிள்ளை சொல்ல, அவர் எழுதட்டும். மனதில் இருக்கும் விடையை வாக்கியமாக்கிச் சொல்வது தனிப் பழக்கம். "அந்த வரியை அடிச்சிட்டு மறுபடி எழுதுங்க டீச்சர்" என்று ஒரு பெரியவரிடம் தயங்காமல் சொல்ல வருவதற்கே பிள்ளைக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.